மாமா நெஞ்சில் இருந்த பேட்டரி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் சொல்வார்கள், வேலை பார்க்கிற இடத்தில் சொல்வார்கள், எங்கள் டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் இந்த வாய் திறக்க வேண்டிய ஒரு வீட்டில் மட்டும் மூன்று வருடம் மூடிக் கிடந்தது. அதனால் முன்பின் தெரியாத ஒரு மனிதர் கண்ணை இழந்திருப்பார், ஏன், உயிரையே விட்டிருப்பார். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மதுரை கே.கே. நகரில் ஓர் இருதய கிளினிக்கில் இருபத்து மூன்று வருடமாக நர்ஸாக இருக்கிறேன். நாடித்துடிப்பு குறைந்து மயங்கி விழுகிறவர்களுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைப்போமே, அந்த அறையில் டாக்டருக்கு எதிர்ப்பக்கம் நிற்பவள் நான். இடது காறை எலும்புக்குக் கீழே தோலைக் கீறி, தீப்பெட்டியைத் தட்டையாக்கியது போல ஓர் உலோகப் பெட்டியை உள்ளே வைத்து, அதிலிருந்து போகிற வயரை ரத்தக்குழாய் வழியாக இருதயத்துக்குள் விட்டு, தோலைத் தைத்துவிடுவோம். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அதன் பெயர் பேட்டரி. நெஞ்சில் பேட்டரி வைத்திருக்கிறது என்றால் அலங்காநல்லூர் டீக்கடையில்கூடப் புரியும். பெயரில் தப்பில்லை. பெட்டிக்குள் இருப்பதில் பெரும்பங்கு பேட்டரிதான்.

வைத்து முடித்து வீட்டுக்கு அனுப்புகிற நாளில் பேசுகிற பொறுப்பு என்னுடையது. செல்போனை இடப்பக்கச் சட்டைப் பையில் வைக்காதீர்கள், ஆறு வாரம் இடது கையைத் தலைக்கு மேல் தூக்காதீர்கள், கொடுத்த கார்டைப் பத்திரமாக வையுங்கள் என்று நோயாளிக்குச் சொல்வேன். அப்புறம் மகனையோ மகளையோ தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய் இன்னொன்றும் சொல்வேன். அவர் காலம் முடிகிறபோது, எரிப்பதற்கு முன்னால் எங்களைக் கூப்பிடுங்கள், அதை எடுத்துவிட வேண்டும் என்பேன். சில பேர் என்னை அடிக்காத குறையாகப் பார்ப்பார்கள். இப்போதுதான் பிழைத்து எழுந்து உட்கார்ந்திருக்கிறார், அதற்குள் இந்தப் பேச்சா என்பார்கள். நான் அசர மாட்டேன். கோரிப்பாளையத்திலிருந்து வருகிற பாய் வீடுகளில் மட்டும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் புதைக்கிறவர்கள், மண்ணுக்குள் அது பாட்டுக்குக் கிடக்கும். நெருப்பில்தான் அது வெடிக்கும்.

வெடிக்கும் என்று புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருடத்துக்கு முன்னால், வெளியூர் எரிவாயு மயானம் ஒன்றில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் எங்கள் கிளினிக்குக்கு வந்தார். தினத்தாளில் மடித்து எதையோ கொண்டுவந்திருந்தார். பிரித்தால், கருகி வாய் பிளந்த ஒரு தகடு. இது உங்கள் சாமானா என்று பாருங்கள் என்றார். எங்கள் சாமான் மாதிரியேதான் இருந்தது. உள்ளே வெடித்து அடுப்பின் செங்கல் பெயர்ந்து விழுந்ததாம். டீ குடிக்கக் கூப்பிட்டார்களே என்று அந்த நிமிடம் நகர்ந்திருக்கிறார், இல்லாவிட்டால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்துதான் அந்த வராந்தாப் பேச்சை ஆரம்பித்தேன், யாருக்கும் விட்டதில்லை.

ஒரே ஒருவருக்குத்தான் விட்டேன். என் தாய்மாமாவுக்கு.

மாமாவுக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் ஊர். கரும்பும் நெல்லும் போடுகிறவர். மேலுக்குச் சட்டை போட்டு நான் பார்த்ததே கல்யாண வீடுகளில்தான். மற்ற நேரமெல்லாம் ஒரு துண்டு, அம்புட்டுத்தான். அவர் மோட்டார் ரூமில் மயங்கி விழுந்தபோது நாடி முப்பதுக்கு வந்துவிட்டது. என் கிளினிக்குக்குத்தான் தூக்கி வந்தார்கள். அந்த வாரம்தான் மாமா மகளுக்குச் சம்பந்தம் பேசி, பூ வைக்க நாள் குறித்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா, அதாவது சம்பந்தி, பேசுகிற இடத்தில் மூன்று தடவை ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்: உங்கள் குடும்பத்தில் யாருக்கும் நெஞ்சு நோவு உண்டா? மூன்று தடவையும் கிடையவே கிடையாது என்று மாமா சொல்லியிருந்தார். அப்போது அது உண்மைதான்.

இப்போது என்ன செய்வது என்று குடும்பமே கையைப் பிசைந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தது. நான் யோசிக்கக்கூட இல்லை. கல்லடைப்பு என்று சொல்லிவிடலாம், மதுரைக்கு வந்து கல் எடுத்தோம் என்று முடித்துவிடலாம் என்றேன். சிறுநீரகக் கல் இல்லாத வீடு எங்கள் பக்கம் ஏது? எல்லாரும் நம்பினார்கள். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மாமா மட்டும் அன்றிலிருந்து தழும்பை மறைக்கக் கைவைத்த பனியன் போட ஆரம்பித்தார். வெயிலில் வேர்த்து ஊற்றினாலும் கழற்ற மாட்டார். ஊரில் கேட்டால், வயசாகிறது, குளிர் தாங்கவில்லை என்பார். சித்திரை மாதத்தில் குளிராம். அதையும் நம்பினார்கள்.

இதில் அந்த வராந்தாப் பேச்சு எங்கே வந்தது? சொந்த மாமாவை வைத்துக்கொண்டு அவர் பிள்ளையிடம் இழவுப் பேச்சை எடுக்க எனக்கு நாக்கு வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றே மூன்று வருடம் போய்விட்டது. ஊருக்கெல்லாம் சொன்னவள் வீட்டுக்குச் சொல்லவில்லை. அது என் தப்பு. இன்றைக்கும் நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

போன ஐப்பசியில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் போயிருக்கும் என்று உள்ளூர் டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். இருதயத்தில் ஒன்றும் குறையில்லை, பேட்டரி அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. எனக்குச் சேதி வந்து, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து இருக்கும். மாமாவைக் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். நானும் விழுந்து அழுதேன். தூக்கி வளர்த்த மனுசன், அழாமல் என்ன செய்வேன்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோதுதான் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது. மூன்று நாள் மழையில் கண்மாய்க்கரைச் சுடுகாட்டில் முழங்கால் தண்ணீராம், வரட்டியெல்லாம் நனைந்து கிடக்கிறதாம். அதனால் மதுரைக்குள் இருக்கிற எரிவாயு மயானத்தில் மூன்று மணிக்கு நேரம் வாங்கிவிட்டார்களாம். ஊர்ச் சுடுகாடாக இருந்தால் தீ வைத்ததும் எல்லாரும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள், வெட்டியான்கூட எட்டத்தான் நிற்பார். அங்கே அப்படியில்லை. மூடிய அடுப்பு, அதன் வாயிலேயே ஓர் ஆள் நிற்பார். மாமாவின் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

மாமாவின் மகனை, என் மச்சானை, மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். முகத்தில் ஈயாடவில்லை. வாசலைக் காட்டினார். அங்கே பந்தலில் முதல் நாற்காலியில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் வந்தவர் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லையாம்.

"இப்பப் போயி அதக் கெளப்பாத புள்ள. தங்கச்சி அந்த வீட்டுல வாழணும். மூணு தடவ கேட்டாரு, மூணு தடவையும் இல்லன்னு சொன்னோம். இன்னிக்குப் பொணத்த வச்சுக்கிட்டு ஆமான்னு சொல்லவா?" என்றார்.

அவர் பயமும் பொய்யில்லை. மாமா மகள் அப்பா காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள், ஆனால் கண் அடிக்கடி மாமனார் பக்கமே போய் வந்தது. அவளுக்கும் எல்லாம் தெரியும். கல்லடைப்புக் கதையை அந்த வீட்டில் எத்தனை தடவை ஒப்பித்திருப்பாளோ. அந்தக் கதையைக் கட்டிக் கொடுத்தவள் நான். ஆனாலும் அடுப்புக்கு முன்னால் நிற்கப்போகிறவருக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கேயும் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் பந்தல் பக்கம் நடந்துவிட்டார்.

சரி, இவரிடம் கேட்டால் ஆகாது, கேட்க வேண்டிய ஆள் வேறு என்று உள்ளே போனேன். எங்கள் கிளினிக் வழக்கப்படி இறந்தவரிடமிருந்து பேட்டரியை எடுக்க மனைவி கையெழுத்து வேண்டும், டாக்டர் அனுமதி வேண்டும். அத்தையைக் கைத்தாங்கலாக அடுப்படிக்குக் கூட்டிவந்து கதவைச் சாத்தினேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அத்தை அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார்.

"அது இன்னும் ஓடுதா?"

"ஓடுது அத்தை. இன்னும் ஏழு வருசம் ஓடும்."

"காலையில இருந்து நெஞ்சுல கைய வச்சு வச்சுப் பாத்தேன். பொட்டிய மூடுற வரைக்கும் பாத்தேன். பேட்டரி தீரலையே, மனுசன் எப்படித் தீந்தாரு?"

இருபத்து மூன்று வருடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் பழகியிருக்க வேண்டும். பழகவில்லை. அது தட்டிக்கொண்டேதான் இருக்கும் அத்தை, எழுந்திருக்க உள்ளே ஆள் இல்லை என்றேன். அத்தைக்குப் புரிந்தது. அப்போதுதான் அழுதார். அழுது முடித்துவிட்டு, பேரனின் ரூல் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொண்டுவரச் சொல்லி, நான் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். மாமாவால் இன்னொருத்தர் தாலிக்குக் கேடு வரக்கூடாது, எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொல்லிவிடு என்று எனக்கு உத்தரவும் கொடுத்தார். எனக்கு அது போதும்.

அந்தத் தாளைக் காட்டியதும் மச்சான் இறங்கி வந்தார். வீட்டில் வைத்து எடுக்க வழியில்லை, சுற்றிலும் பொம்பளைகள், கொஞ்ச நேரத்தில் நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டிவிடுவார்கள், அப்புறம் கோடித்துணி போட வரிசையாக ஆட்கள் வருவார்கள். அதனால், மயானத்தில் அடுப்புக்காரரிடம் நானே காதும் காதும் வைத்த மாதிரி சொல்லிக்கொள்கிறேன், நீ சாமான்களோடு வந்து நில், சம்பந்தியை டீ குடிக்க வெளியே அனுப்பிவிட்டுச் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்றார். எங்கள் ஜனத்தில் பொம்பளைகள் முச்சந்தியோடு நின்றுவிட வேண்டும், மயானத்துக்குப் போகிற வழக்கமில்லை. எனக்கு அந்த யோசனையே வரவில்லை என்பதுதான் உண்மை. வேலை எங்கேயோ, நான் அங்கே.

கே.கே. நகருக்கு வந்து டாக்டரைப் பார்த்தேன். அவருக்கு அன்றைக்கு அடுத்தடுத்து இரண்டு கேஸ். நீதான் கைபழகினவளாயிற்றே, பிணவறையில் எத்தனை தடவை எடுத்திருக்கிறாய், போய் எடு என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். கத்தி, கத்தரி, தையல் நூல், கையுறை எல்லாவற்றையும் என் சாப்பாட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கோரிப்பாளையம் சந்திப்பில் மாட்டிக்கொண்டேன். நாலு பக்கமும் வண்டி, நகர இடமில்லை. மணி இரண்டே முக்கால். ஆரன் அடித்தேன், திட்டினேன், ஓர் ஆட்டோக்காரரிடம் சண்டையே போட்டேன். கடைசியில் அவரே தன் வண்டியைப் பின்னால் எடுத்து எனக்கு வழி விட்டார்.

மயானத்துக்குள் ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினபோது மாமாவைத் தள்ளுவண்டியில் கிடத்தியிருந்தார்கள். மாலைகளை எடுத்தாயிற்று. மச்சான் மொட்டைத் தலையோடு பக்கத்தில் நின்றார். அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர் காக்கிக் கால்சட்டையும் முண்டா பனியனுமாக இருந்தார், முழங்கை வரைக்கும் பழைய சூட்டுத் தழும்புகள். மோதிரம், ஊக்கு, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியாகக் கேட்டார்: உடம்புக்குள் மெஷின், பேட்டரி ஏதும் வைத்திருக்கிறதா?

மச்சானின் தோளுக்குப் பின்னால், ஒட்டினாற்போலச் சம்பந்தி நின்றிருந்தார். டீ குடிக்கவெல்லாம் போகவில்லை. மச்சான் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே."

எப்படியும் நீ வந்துவிடுவாய் என்று நம்பித்தான் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு என்னிடம் சத்தியம் செய்தார். இருக்கலாம். ஆனால் அடுப்புக்காரர் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். ஒருவர் கேட்கிறார், நாம் சொல்கிறோம், அவர் நம்பி முகத்தைக் கொண்டுபோய் அங்கே வைக்கப்போகிறார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. மச்சான் மேல் பாதி, என் மேல் பாதி.

"இருக்கு. இடது நெஞ்சுல இருக்கு. வைக்கும்போது நானும் பக்கத்துல நின்னேன்" என்றேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. உறவில் எனக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர், பொம்பளைப் புள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று ஆரம்பித்தார். வேலையாகத்தான் வந்திருக்கிறேன் சித்தப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று கூடையை இறக்கி வைத்தேன். அடுப்புக்காரர் என்னையும் பார்க்கவில்லை, மச்சானையும் பார்க்கவில்லை. கையில் பிடித்திருந்த கம்பியைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, முகத்தை மட்டும் ஒரு தடவை தடவிக்கொண்டார்.

சம்பந்தி என் எதிரே வந்து நின்றார். எம்புட்டு நாளாக என்று கேட்டார். குரலில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு வருடமாகத்தான் என்று சொல்லியிருந்தால் எல்லாம் தீர்ந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வந்த நோவு, யாருக்கும் குற்றமில்லை என்று ஆகியிருக்கும். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வண்டியில் மாமா கிடந்தார். அவர் மேல் பனியன் இல்லை. குளிப்பாட்டினபோது கழற்றிவிட்டு, தழும்பின் மேல் சந்தனத்தை அப்பி ஒரு துண்டைப் போட்டிருந்தார்கள். செத்த பிறகும் மறைத்துக்கொண்டிருக்கிறாரே மனுசன் என்று எனக்கு ஆறவில்லை.

"கல்யாணத்துக்கு நாலு மாசம் முந்தி. கல்லடைப்புன்னு சொல்லச் சொன்னது மாமா இல்ல, நான்தான். கோவிக்கணும்னா என்னக் கோவிங்க" என்றேன்.

அவர் மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தோளில் கிடந்த எட்டு முழ வேட்டியை எடுத்து உதறினார். ஒரு நுனியை மச்சான் கையில் கொடுத்தார். இன்னொரு நுனியை அவரே பிடித்து, குளிப்பாட்டுகிறபோது பிடிப்பது போல என்னையும் மாமாவையும் மறைத்து நின்றார்.

"கூடப் பொறந்த அரணாக்கயித்தயே அறுத்துட்டுத்தான் அனுப்புறோம். இது நடுவுல வந்தது. நீ எடு தாயி" என்றார்.

எடுத்தேன். பத்து நிமிட வேலை. பழைய தழும்பின் மேலேயே கீறி, பெட்டியை வெளியே இழுத்து, வயரை நறுக்கினேன். எடுத்த இடத்தைத் தைத்தேன். ஒரு மணி நேரத்தில் சாம்பலாகப் போகிறதற்குத் தையல் எதற்கு என்று மச்சான் கேட்டார். மூன்று வருடமாக நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டு மாமா எந்த வாசலையும் தாண்டினதில்லை, அதனால்தான் என்றேன். வேட்டியை இறக்கியதும் அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள். கயிறும் பேட்டரியும் ஒன்றாக என் கூடைக்குள் வந்தன.

மாமாவை உள்ளே தள்ளிக் கதவை இறக்கினார்கள். மற்றவர்கள் வெளியே போனார்கள். அடுப்புக்காரர் என்னைக் கூப்பிட்டு, இரும்புக் கதவில் முகத்துக்கு நேராக இருந்த ஒரு சின்ன ஓட்டையைக் காட்டினார். அரை மணிக்கு ஒரு தடவை அதில் கண்ணை வைத்துத்தான் நெஞ்சுப் பக்கம் வெந்துவிட்டதா என்று பார்ப்பாராம். எல்லாரிடமும் கேட்கிறேன், எல்லாரும் இல்லை என்கிறார்கள், எவர் நிஜம் சொல்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம்தான் பெரிய பாடு. சம்பந்தி பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வந்தார், போனார், சாப்பிட்டார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. மாமா மகள் தினமும் எனக்குப் போன் போடுவாள். இன்னைக்கும் ஒன்றும் கேட்கவில்லை மதினி என்பாள். திட்டினால்கூடத் தேவலை, சும்மா இருக்கிறாரே, அதுதான் சோறு இறங்கவில்லை என்பாள். நானும் என்னத்தைச் சொல்ல? உனக்கு ஒன்றும் வராது என்று தைரியம் சொல்வேன். போனை வைத்த பிறகு எனக்கே தைரியம் இருக்காது. நான் சொன்னது சரி என்பதில் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அந்தச் சரிக்கு அந்தப் பிள்ளை விலை கொடுக்க வேண்டி வருமோ என்றுதான் உள்ளுக்குள் அரித்தது.

மார்கழி பிறந்து ஒரு திங்கட்கிழமை, கிளினிக்கில் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சம்பந்தி வந்து நின்றார். பின்னால் மாமா மகள், முகம் வெளிறிப்போயிருந்தாள். சர்க்கரை பார்க்கத் துணைக்கு வா என்று கூட்டிவந்தாராம். அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவர் மட்டும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பஞ்சாயத்து இங்கேயா என்று நான் தயாராகிவிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

நாலு வருடமாகத் தலை சுற்றுகிறதாம். இரண்டு தடவை களத்தில் விழுந்திருக்கிறார். ஒரு டாக்டர் அப்போதே பேட்டரி வைக்கச் சொல்லியிருக்கிறார். மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம், வெளியே தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள் என்று சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டாராம்.

"நான் ஏன் மூணு தடவ கேட்டேன்னு நெனச்ச? நீங்க ஆமான்னு ஒரு தடவ சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன் தாயி" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஒரே பந்தலில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் பயந்து, ஒரே நோவை ஒளித்துவைத்திருக்கிறார்கள். இசிஜி எடுத்தேன். நாடி முப்பத்தெட்டு. இந்த மனுசன் எப்படி நடந்து வந்தார் என்று டாக்டரே வியந்துபோய், நாளைக்கே வைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். சம்பந்தி தலையாட்டினார். ஆட்டிவிட்டு என் பக்கம் சாய்ந்து, மருமகள் வீட்டுக்கு மட்டும் தெரிய வேண்டாம் தாயி, கல்லடைப்பு என்றே சொல்லிக்கொள்ளலாம் என்றார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். முடியவே முடியாது என்றேன். உங்களுக்காக அடுப்பு வாயில் நிற்கப்போகிற மனுசனுக்கு இன்றைக்கே ஒரு சாட்சி வேண்டும், வெளியே உட்கார்ந்திருக்கிறவளிடம் நீங்களே சொல்லுங்கள், அப்புறம்தான் ஃபாரத்தை நிரப்புவேன் என்று பேனாவை மூடி வைத்தேன். எனக்கு வாய் நீளம் என்றுதான் முதலிலேயே சொன்னேனே.

அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, உள்ளே வா ஆத்தா என்று கூப்பிட்டார். அவள் தண்டனைக்கு வருகிறவள் மாதிரி வந்து சுவரோரம் நின்றாள்.

"உங்கப்பனுக்கு வச்சது எனக்கும் வைக்கணுமாம். நான் போறன்னைக்கு அத மறக்காம எடுக்கச் சொல்லணும். ஒன் புருசன்ட்ட சொல்லி வையி" என்றார்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள், நான் தலையை ஆட்டினேன். இரண்டு மாதமாக நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிந்த பயம் அத்தனையும் கண் வழியாக வந்தது. அவர் முன்னால் வாய்விட்டு அழுதாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவையாக மாமனாரை நேருக்கு நேர் பார்த்துப் பேசினாள்.

"அவர்ட்ட சொல்ல மாட்டேன் மாமா. அவரும் எங்கண்ணன் மாதிரி நாலு பேரு முன்னால இல்லன்னு சொல்லிருவாரு. நானே மயானத்துக்கு வந்து சொல்றேன்."